தொட்டி இல்லாத பம்பு

மூன்றாம் மாடி வார்டில் கை கழுவுகிற குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பருக்கு அது போதும். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஆறு நாளாக அந்த ஸ்டூலில் சேர்ந்தாற்போலப் பத்து நிமிஷம் அவர் உட்கார்ந்தது கிடையாது. எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், கட்டில் சக்கரத்தை முடுக்குவார், மறுபடி வந்து உட்காருவார். இப்போது குழாயின் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது ஆஸ்பத்திரிக் குழாய். அதுக்குன்னு ஆள் இருப்பாங்க."

"இருந்தா இப்படிச் சொட்டுமா?"

"சொட்டினா சொட்டிட்டுப் போகுது. பொண்டாட்டிக்கு நெஞ்சுல மூணு இடத்துல அடைப்புன்னு படுத்திருக்கா. நீங்க குழாய்க்கு வைத்தியம் பாக்கறீங்க."

"உன் நெஞ்ச நான் பாக்க முடியாது. இதப் பாக்க முடியும்."

நர்ஸ் வேகமாக வந்தாள். "இங்க யாரு தண்ணிய நிறுத்தினது? அந்தக் கடைசி பாத்ரூம் வரைக்கும் ஒரு சொட்டு வரல."

பிளம்பர் கையிலிருந்த குழாய்த் தலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஐம்பத்தி மூன்று வயசு மனுஷர்.

"அவர்தான்," என்று மனைவி விரலைக் காட்டினாள்.

அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறவள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் நின்று மடிப்பதை இவள் ஒற்றை ஆளாக மடிப்பாள். ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. நாற்பத்தி ஆறு கிலோ. மருத்துவமனையில் சேர்த்த அன்றைக்கு எடை பார்த்தவள் மிஷின் ரிப்பேரா என்று இரண்டாம் தரம் ஏறச் சொன்னாள். இஸ்திரி மேசை முன்னால் நின்றபடியே நெஞ்சு பிடித்து, அப்போதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் விழுந்தாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் மூன்று அடைபட்டிருந்தன. மார்பைத் திறந்து, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போட வேண்டும், பத்து நாளைக்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அது மட்டும் என்றால் நாலோடு ஐந்தாக அவளுக்கும் ஆபரேஷன் முடிந்திருக்கும். சிக்கல் ரத்தத்தில் இருந்தது. மகள் பிறந்தபோது அவளுக்கு இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். அந்த அந்நிய ரத்தத்தை உடம்பு இருபத்தி நாலு வருஷமாக மறக்கவில்லை. இப்போது அதே குரூப் ரத்தம் கொண்டுவந்தாலும் சண்டைக்குப் போகிறது. ரத்த வங்கிக்காரர் நாற்பத்தி ஒரு பையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு சேருது. ஒண்ணே ஒண்ணு."

"அவளுக்கு யார் கூடவும் ஒத்துப்போகாதுன்னு நான் சின்ன வயசுலயே சொன்னேன்," என்றார் அவளுடைய அண்ணன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை அழுத்தி அழுத்தி, பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் வலது கால் தானாக அழுத்தும். கல்யாண வீட்டில் யாராவது வேகமாக நடந்துவந்தால்கூட அழுத்துவார்.

பம்பு மேடம் அன்று மத்தியானம் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். பேர் பெரிதாக ஏதோ இருந்தது. வார்டில் எல்லோரும் பம்பு மேடம் என்றுதான் சொன்னார்கள். அவளும் அதற்கே திரும்பினாள்.

"அக்கா, இதயத்த நிறுத்திட்டுத்தான் டாக்டர் தைப்பார். அந்த நேரம் உங்க ரத்தத்த வெளிய எடுத்து, காத்து குடுத்து, திரும்ப உள்ள அனுப்பறதுக்கு ஒரு மிஷின். அத ஓட்டறது நான்."

"அப்ப டிரைவர்," என்றார் அண்ணன், நிமிர்ந்து உட்கார்ந்து. "எத்தன வருஷம் ஓட்டறீங்க?"

"பதினொண்ணு."

"ஆக்சிடெண்ட்?"

"அண்ணே, சும்மா இரு," என்றாள் படுத்திருந்தவள்.

பம்பு மேடம் சிரித்துவிட்டு, ஒரு காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் படம் போட்டாள். அவள் சொன்னது இதுதான். மிஷினின் குழாய்களையெல்லாம் முதலில் உப்புத்தண்ணீரால் நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் உள்ளே காற்று. வழக்கமான மிஷினுக்கு அப்படி ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இந்த அக்கா உடம்பில் இருக்கிற ரத்தமே மூன்று லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போய்க் கலந்தால் ரத்தம் நீர்த்துவிடும். பெரிய உடம்புக்காரர் தாங்குவார். இவர்களுக்கு இரண்டு பை, மூன்று பை வேறு ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். இருக்கிறது ஒன்று.

"அதனால சின்ன செட்டு போடலாம்னு டாக்டரும் நானும் பேசியிருக்கோம். குழாய் எல்லாம் குட்டை. மொத்தமே அரை லிட்டர். அதுலயும் பாதிய, ஓட்டறதுக்கு முன்னாடி உங்க ரத்தத்தாலயே தள்ளி வெளிய எடுத்துடுவேன்."

பிளம்பர் அதுவரை நின்றுகொண்டிருந்தவர், வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் ஆறு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம்.

"சுடுதண்ணி லைன் மாதிரி," என்றார். "ஹீட்டர் மாடில இருக்கும், பாத்ரூம் கீழ இருக்கும். திறந்தா மொதல்ல ஒரு வாளி பச்சத்தண்ணி வரும். அது பைப்புல நிக்கற தண்ணி. நீளத்தக் குறைச்சா வாளி குறையும்."

"அதேதான் அண்ணே. இத்தன வருஷமா இத எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிருக்கேன்."

"பம்ப கட்டில் பக்கத்துலயே கொண்டுபோயிருவீங்க."

"ஆமா. டாக்டர் இடுப்புல என் முட்டி இடிக்கும். திட்டுவார்."

பிளம்பர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். விரலை வைத்துக் கோடு கோடாகப் போனார். உடம்பிலிருந்து வருகிற குழாய், பம்பு, காற்று கொடுக்கிற பெட்டி, உடம்புக்குப் போகிற குழாய். விரல் மறுபடி முதலுக்கு வந்து நின்றது.

"தொட்டி எங்க?"

"தொட்டி கிடையாது. பெரிய மிஷின்ல தொட்டி உண்டு. அதுக்கே நிறைய தண்ணி பிடிக்கும். இதுல உடம்புல இருந்து நேரா பம்புக்கு."

"நேராவா?"

"நேரா."

பிளம்பர் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். "வேண்டாம்," என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது, அதுதான் தொல்லை. முப்பது வருஷத் தொழில். தொட்டி எதற்கு? தண்ணீர் சேர்த்து வைக்க என்று ஊரே நினைக்கும். தொட்டி காற்றைப் பிரிக்கிற இடம். தண்ணீரோடு வருகிற காற்று தொட்டியில் மேலே போய்விடும், பம்பு அடியிலிருந்து சுத்தமான தண்ணீரை இழுக்கும். தொட்டி இல்லாமல் லைனில் நேராகப் பம்பு வைத்தால், எங்கே ஒரு ஜாயிண்ட் லேசாக இளகினாலும் பம்பு காற்றை இழுத்துக்கொள்ளும். காற்றைக் குடித்த பம்பு சுற்றும், தண்ணீர் போகாது. நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் ஓனர் இடம் இல்லை என்று பிடிவாதம் பிடித்து அப்படி வைக்கச் சொன்னார். இவரும் வைத்தார். எட்டாம் நாள் பம்பு வறண்டு ஓடிக் கருகிப்போனது. அந்தக் கருகல் நாற்றம் இப்போது வார்டில் அடிப்பதுபோல இருந்தது அவருக்கு.

"மாப்ள, டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"மச்சான், பம்பு எனக்குத் தெரியும்."

"அது நெஞ்சுக்கு வைக்கற பம்பு."

"எதுக்கு வெச்சாலும் பம்பு பம்புதான்."

"சரி, அப்ப என்ன பண்ணலாம்கறீங்க? தொட்டி வெச்ச ஆஸ்பத்திரியாத் தேடலாமா?"

கிண்டலாகத்தான் கேட்டார். பிளம்பர் ஆமாம் என்றார்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் ஒரு நாள் கேட்டு, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். மச்சானுடைய டிரைவிங் ஸ்கூல் கார். கூரையில் பலகை, இரண்டு பக்கமும் பிரேக். வெயில் இல்லாமல் புழுங்கியது. மழை வரும்போலவே இருந்து வராமல் ஏமாற்றிக்கொண்டிருந்த வாரம் அது. பின்சீட்டில் அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"மெதுவாப் போண்ணே."

"இருபதுலதான் போறேன். சைக்கிள்காரன் தாண்டிப் போறான், பாரு."

"போகட்டும். அவனுக்கு ஆபரேஷன் இல்ல."

முன்சீட்டில் இருந்த பிளம்பர் காலை நீட்டினார். கார் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் அலறியது.

"மாப்ள, அந்தப் பக்கம் இருக்கறதும் பிரேக்குதான். கால எடுங்க."

"தெரியாமப் பட்டுருச்சு."

"உங்களுக்குக் கால் சும்மா இருக்காது, கை சும்மா இருக்காது. இவ உங்ககூட எப்படித்தான் குடித்தனம் பண்ணினாளோ?"

"வாய் சும்மா இருந்துச்சே," என்றாள் அவள் பின்னாலிருந்து. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த மருத்துவமனையில் எல்லாம் கண்ணாடி. பழைய ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் லேபில் எடுத்தால்தான் நம்புவோம் என்றார்கள். எட்டுக் குப்பி ரத்தம் எடுத்தார்கள். ஒன்று உறைந்துபோனது என்று இன்னும் இரண்டு. சாயங்காலம் அங்கே இருந்த டாக்டர் சொன்னார்: எங்களிடம் தொட்டி வைத்த மிஷின்தான் இருக்கிறது, ஆனால் இவங்களுக்கு மூன்று பையாவது கையில் இல்லாமல் நாங்கள் தொட மாட்டோம். துடிக்கிற இதயத்தில் மிஷின் இல்லாமல் தைக்கலாமா என்று பிளம்பர் கேட்டார். இதயத்தின் பின்பக்கத்துக் குழாய்க்கு அது சரிப்படாது என்றார் அந்த டாக்டர். அந்தச் சின்ன செட்டு அவர்களுக்குப் பழக்கம் என்றால் அங்கேயே போங்க என்றார்.

திரும்பி வந்து மறுநாள் காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சேர்த்த அன்றைக்குப் பத்து புள்ளி நாலு இருந்த ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஆறு ஆகியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் முனையில் நின்றார். கோபத்தை அடக்குகிறவர் குரல்.

"இங்க தினம் காலைல எடுக்கறது. அங்க பத்துக் குப்பி. யாரு இத்தன டெஸ்ட் எடுக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றார் பிளம்பர்.

"இரும்பு ஊசி போட்டுப் போட்டு நான் சொட்டுச் சொட்டா ஏத்தறேன். நீங்க அந்தப் பக்கம் குழாயத் திறந்து விடறீங்க."

வேறு யாருக்குச் சொல்லியிருந்தாலும் அது ஒரு பேச்சு. பிளம்பரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நர்ஸிடம் திரும்பி, இனிமேல் இவங்களுக்குப் பச்சைக் குழந்தைக்கு எடுக்கிற குப்பியில்தான் எடுக்க வேண்டும், அவசியம் இருந்தால் மட்டும் என்றார்.

நர்ஸ் கொண்டுவந்த குப்பி சுண்டுவிரல் நகம் அகலம்தான் இருந்தது.

"இது முன்னாடியே இருந்துச்சா?" என்று படுத்திருந்தவள் கேட்டாள்.

"இருந்துச்சு அக்கா. குழந்தைங்க வார்டுல."

"மொத நாளே நான் அழுதிருக்கணும். குழந்தைன்னு நினைச்சு இதுல எடுத்திருப்பீங்க."

நர்ஸ் போன பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டிருந்தார்.

"இங்க வாங்க. உக்காருங்க. கொக்கி தானா கழண்டு ஓடாது."

வந்து உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒரு ஓனர் வர்றான். இந்த வால்வு வேண்டாம், அந்த வால்வு போடு, எல்போ இங்க வேண்டாம், அங்க வைன்னு சொல்றான். வீட்டுக்கு வந்து அவனப் பத்தி என்ன சொல்வீங்க?"

அவர் கட்டில் சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"சொல்லுங்க. தினம் சாப்பிடறப்ப சொல்றதுதானே."

"ஒண்ணுமே தெரியாதவன்கிட்ட வேல பாத்துரலாம், அரைகுறையாத் தெரிஞ்சவன்கிட்டதான் பாக்க முடியாதும்பேன்."

"ஆங்."

"அப்ப நான் அரைகுறையா?"

"தண்ணில நீங்க முழுசு. ரத்தத்துல அரைகுறை." அவர் கையைப் பிடித்தாள். இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, உள்ளங்கை காய்த்துப்போனது. "பயமா இருக்குன்னு சொல்லுங்க. அது வேற. பம்பு சரியில்லன்னு சொல்லாதீங்க. எனக்கும் பயம்தான். நான் மிஷின் மேல பழி போட்டனா?"

"பம்பு காத்து இழுத்தா நின்னுரும்."

"நின்னா?"

"நின்னா..."

"எனக்குத் தெரியுது. படம் போட்டுக் காட்ட வேண்டாம். அந்த பாரத்தக் கொண்டாங்க."

சம்மதப் பாரம் நாலு பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் அவள் படித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு கோடு இருந்தது, கணவரோ நெருங்கிய உறவோ போட வேண்டியது.

"அண்ணன் போடட்டுமா?"

"வேண்டாம். நான்தான் போடணும்," என்றார் அவர். "அதுக்கு முன்னாடி அந்தப் பம்ப ஒரு தடவ பாக்கணும்."

பம்பு மேடம் மாட்டேன் என்று சொல்லவில்லை. தியேட்டருக்குள் விட முடியாது, பக்கத்து அறையில் தண்ணீர் வைத்துப் பழகுகிற பழைய செட்டு இருக்கிறது, வாங்க என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்குத் துணித் தொப்பி போட்டுக்கொண்டு போனார். குளிர்ந்த அறை. மருந்து வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும். ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெட்டி, அதைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிவான குழாய்கள். ஒரு முழம், ஒன்றரை முழம், அவ்வளவுதான். உடம்புக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை தொங்கியது.

"இதுதானா?"

"இதுதான்."

"எங்க வீட்டு வாட்டர் ஃபில்டர் இதவிடப் பெருசு."

"தொட்டுப் பாக்கலாம் அண்ணே. இது பழகறதுக்குத்தான்."

அவர் ஒவ்வொரு ஜாயிண்டையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கட்டு வார் போட்டு இறுக்கியிருந்தார்கள். இளகல் இல்லை. பம்புக்கு முன்னால் உள்ளங்கை அளவுக்கு உருண்டையாக ஒன்று இருந்தது.

"இது?"

"காத்து பிடிக்கற கூண்டு. பெரிய தொட்டி இல்லதான். ஆனா காத்து இங்க மேல வந்து நிக்கும். பக்கத்துல கண்ணு மாதிரி இருக்குல்ல, அது காத்தப் பாத்தா பம்ப நிறுத்திடும். காத்து உள்ள போகவே போகாது."

"காத்து போகாது. ரத்தமும் போகாது."

"ஆமா," என்றாள் அவள். "நான் காத்த எடுத்து விடற வரைக்கும்."

"காட்டுங்க."

ஊசிக்குழாயில் காற்றை நிரப்பி, வருகிற குழாயில் அழுத்தினாள். குமிழிகள் ஓடிவந்து கூண்டுக்குள் கூடின. கீச்சென்று சத்தம் வந்து பம்பு நின்றது. அவள் ஒரு குழாயைக் கவ்வியால் பிடித்தாள், மேலே ஒரு திருகைத் திறந்து காற்றை உறிஞ்சினாள், மூடினாள், கவ்வியை எடுத்தாள். பம்பு சுற்ற ஆரம்பித்தது. பிளம்பர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒம்பது," என்றார்.

"உடம்பக் கொஞ்சம் குளிர வெச்சிருப்போம். அரை நிமிஷம் ஒண்ணும் ஆகாது."

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை செய்தாள். அப்புறம் இன்னொன்று. அவர் குழாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒரு ஆள் ஸ்பேனரை எடுக்கிற விதத்திலேயே அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடுவார். இந்தப் பெண்ணின் கை அவசரப்படவில்லை. சத்தம் கேட்டதும் தோள் தூக்கிக்கொள்ளவில்லை. எது அடுத்தது என்று கண் தேடவில்லை.

"இந்த சின்ன செட்டுல எத்தன பேருக்கு ஓட்டியிருக்கீங்க?"

"இருபத்தி மூணு."

"எத்தன தடவ நின்னுச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறவள்போல இல்லை, எண்ணுகிறவள்போல இருந்தது. "நாலு தடவ."

"அவங்கள்லாம்?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

பிளம்பர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அது அவர்களுடையது என்ற நினைவே இல்லாமல். "அந்த பாரத்துல எங்க போடணும்?" என்றார்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் அவள் பேசிக்கொண்டே போனாள். சலவைக்கூடத்துக்குப் போன் பண்ணி லீவு சொல்லணும், மகள் கிளம்பிவிட்டாளா பாருங்க, அண்ணன் சாப்பிடாமல் இருக்க மாட்டான், நீங்கதான் இருப்பீங்க, சாப்பிடுங்க. கதவு மூடின பிறகும் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது.

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிளம்பர் நடந்தார். கூரைக்கடியில் ஓடின குழாய்களைத் தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே அந்த முனை வரைக்கும் போனார், திரும்பி வந்தார். சிவப்பு தீயணைப்பு லைன், வெள்ளை குடிதண்ணீர், சாம்பல் கழிவு. ஒரு கழிவுக் குழாயின் சரிவு தப்பாக இருந்தது. அதைச் சொல்ல ஆளைத் தேடினார்.

"மாப்ள, உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது."

"கண்ண மூடிக்கங்க மச்சான்."

"மூடினாலும் செருப்பு சத்தம் கேக்குது."

மச்சானும் சும்மா இல்லை. வலது கால் தரையை அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் தரை மினுமினுத்தது. மகள் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், அரை மணிக்கு ஒரு போன். ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தால் சொல்கிறோம் என்று அவளுக்குச் சொல்வதே ஒரு வேலையாக இருந்தது. பதினொன்றே காலுக்கு மச்சான் கீழே போய் டீயும் பன்னும் வாங்கிவந்தார். பிளம்பர் வேண்டாம் என்றார். மச்சான் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி, பன்னைக் கையில் வைத்தார். நடந்து நடந்து கால் ஓய்ந்துபோயிருந்ததால் பிளம்பர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். மூன்று பாதையும் போட்டாயிற்று, இதயம் தானாகத் துடிக்கிறது, ரத்தம் ஏற்றவில்லை என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, போனை எடுத்து யார் யாருக்கோ சொல்ல ஆரம்பித்தார். குரல் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. பிளம்பர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் பம்பு மேடம் வந்தாள். மூக்கின் மேல் முகமூடி பதிந்த தடம். அவரைத் தனியாக ஜன்னல் ஓரம் கூட்டிப்போனாள்.

"அண்ணே, அந்தப் பைய பிரிக்கவே இல்ல. ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்பிட்டோம். வெளிய சிந்தினதையும் கழுவி அக்காவுக்கே திருப்பிக் குடுத்துட்டோம். இப்ப எட்டு புள்ளி மூணு இருக்கு. நாங்க நினைச்சத விட நல்லா இருக்கு."

"டாக்டர் சொன்னார்."

"இன்னொண்ணு. ஒரு தடவ நின்னுச்சு."

அவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு செகண்டு."

"எதனால?"

"ரத்தம் வெளிய வர்ற குழாய் இதயத்துக்குள்ள போற இடத்துல சுத்தித் தையல் போட்டிருப்பாங்க. அது கொஞ்சம் தளந்திருந்துச்சு. அங்கேருந்து காத்து இழுத்துச்சு. டாக்டர் இன்னொரு தையல் போட்டு இறுக்கினார். அப்புறம் நிக்கல."

"ஜாயிண்ட் லீக்."

"ஜாயிண்ட் லீக்தான்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த வியாதி. "ஏம்மா என்கிட்ட சொன்னீங்க?" என்றார். "சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"மத்தவங்ககிட்ட சொன்னா சும்மா பயப்படுவாங்க."

"நான் பயப்பட மாட்டனா?"

"பயப்படுவீங்க. ஆனா எதுக்குப் பயப்படறோம்னு தெரிஞ்சு பயப்படுவீங்க." அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "பதினொண்ணு இருபத்தி ரெண்டுக்கு நின்னுச்சு. எழுதியிருக்கேன்."

அந்த நேரத்தைத்தான் அவரால் இறக்கி வைக்க முடியவில்லை. மச்சானிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்த மகளிடமும் சொல்லவில்லை. மனைவியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாயில் குழாயோடு பார்த்தபோதும், குழாயை எடுத்த பிறகு பார்த்தபோதும் பதினொன்று இருபத்தி இரண்டு என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பழைய வார்டுக்கே அவளைக் கொண்டுவந்தார்கள். இருமினாலும் தும்மினாலும் மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். முகம் சுண்டியிருந்தது. வாய் பழையபடி இருந்தது.

மகளும் அண்ணனும் சாப்பிடப் போயிருந்தார்கள். பிளம்பர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்து, உரித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அதக் குடுக்கப் போறீங்களா, அடை காக்கப் போறீங்களா?"

கொடுத்தார்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

"நாலு நாளா ஒண்ணுமில்லாத மூஞ்சி இது இல்ல. என் காதுல விழுற மாதிரி சொல்லுங்க. உரக்கக் கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"பம்பு நின்னுச்சு," என்றார். "ஒரு தடவ. பதினொரு செகண்டு."

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் கூடவே எண்ணினார். ஐந்து வரைக்கும் அது சின்ன நேரமாக இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொன்றும் நீண்டுகொண்டே போனது. பதினொன்று முடிந்து இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

"நீங்க சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள்.

"அவங்க சொன்னதும் சரியாத்தான் இருந்துச்சு."

"ம். எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு இருபத்தி ரெண்டு."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அதைத்தான் அவர் நாலு நாளாக யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் நடந்தவர். ஒவ்வொரு நிமிஷமும் பம்பையே நினைத்தவர். அவள் ரத்தம் நகராமல் நின்ற அந்த நேரத்தில் ஒரு நரம்பாவது அவருக்குத் துடித்திருக்க வேண்டாமா? ஒன்றுமே தெரியவில்லை.

"சொல்லுங்க."

"பன்னு தின்னுட்டு இருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். தலையணையை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். முகம் கோணியது. வலிக்கிறதோ என்று அவர் பதறி எழுந்து நர்ஸைக் கூப்பிட வாய் திறந்தார். அவள் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கோத்தது, சத்தமே வரவில்லை. சிரிக்கிறாள் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உக்காருங்க," என்றாள், மூச்சை இழுத்து இழுத்து. "தையல் பிரிஞ்சுரப் போகுது. நல்ல பன்னா?"

"ருசி தெரியல."

"பொய் சொல்லாதீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பிளம்பர்.